சாய்ந்ததெல்லாம் இட்டாலிக் இல்லை

மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் உட்கார்ந்து கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், 16-ஆம் நாள் காரிய அறிவிப்பு என்று வருகிற வேலையையெல்லாம் வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இட்டாலிக் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்: எழுத்தைத் தேர்ந்தெடு, கண்ட்ரோலையும் ஐ-யையும் சேர்த்து அழுத்து, எழுத்து வலப்பக்கம் சாயும், அதுதான் இட்டாலிக். அது தப்பு என்று எனக்குப் புரியவைத்தது ஒரு கல்யாணக் கார்டு.

கார்டுக்கு இரண்டு பக்கம். ஒன்றில் ஆங்கிலம், ஒன்றில் தமிழ். ஆங்கிலப் பக்கத்தில் பெயர்களை இட்டாலிக்கில் போட்டிருந்தேன், பார்க்க அழகாக வந்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகட்டுமே என்று தமிழ்ப் பக்கத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அதே பொத்தான்களை அழுத்திவிட்டேன். மறுநாள் மாதிரி பார்க்க வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்தக் காலத்தில் ஈய அச்சு கோத்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. கார்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், அப்புறம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், "தம்பி, எழுத்தெல்லாம் ஏன் தண்ணி போட்டவன் மாதிரி நிக்குது?" என்றார். ஆங்கிலமும்தானே சாய்ந்திருக்கிறது என்று காட்டினேன். "அது சாயல தம்பி, ஓடுது. இது விழுது" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்றிரவு உட்கார்ந்து பார்த்தபோது அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

நீங்களே பார்க்கலாம், ஐந்து நிமிஷ வேலை. கணினியில் ஃபேமிலி என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்துகளில் அடித்து, 100 பாயிண்ட் அளவுக்குப் பெரிதாக்குங்கள். முதலில் ஏரியல் ஃபாண்டில் நேராக ஒன்று, சாய்வாக ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் சாய்வு மட்டும்தான், ஒரு சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளிவிட்ட மாதிரி. இப்போது அதே சொல்லை டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றிப் பாருங்கள். நேர் எழுத்தில் சின்ன ஏ-க்குத் தலைக்கு மேல் ஒரு கூரை மாதிரி வளைவு இருக்கும். சாய்வில் அந்தக் கூரையே காணாமல் போய், நாம் நோட்டில் கையால் எழுதுகிற உருண்டை ஏ வந்து உட்கார்ந்திருக்கும். நேரில் வரியின் மேல் நின்ற எஃப், சாய்வில் வரியைத் துளைத்துக்கொண்டு கீழே வால் விடும். எம்-ஐப் பாருங்கள், நேராக இருக்கும்போது அதன் மூன்று கால்களுக்கும் அடியில் சின்னச் சின்னப் பாதங்கள் உண்டு, இந்தப் பாதத்தைத்தான் செரிஃப் என்கிறார்கள். சாய்வில் முதல் இரண்டு கால்களும் வெறுங்காலாக நிற்கும், கடைசிக் கால் மட்டும் பக்கத்து எழுத்தைத் தொடப்போகிற மாதிரி நுனியை மேலே சுழித்துவிடும்.

ஆக டைம்ஸில் நடந்தது சாய்வு இல்லை. எழுத்தே மாறிவிட்டது. வேறு ஓர் எழுத்துருவை யாரோ தனியாக உட்கார்ந்து வரைந்து, அதே பெயரில் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், நாம் பொத்தானை அழுத்தியதும் கணினி அதைக் கொண்டுவந்து போடுகிறது. வெறுமனே தள்ளிவிட்ட எழுத்துக்கு ஒப்லீக் என்று பெயர். தனியாக வரைந்த இந்த ஓடும் எழுத்துக்குத்தான் இட்டாலிக் என்று பெயர். தமிழில் இரண்டையும் சாய்வெழுத்து என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் ஓடுகிறது? கையெழுத்திலிருந்து பிறந்ததால். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் நிக்கோலோ நிக்கோலி போன்ற படிப்பாளிகள் பழைய லத்தீன் நூல்களைக் கையாலேயே படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி நிதானமாகக் கட்டினால் ஒரு நூலை முடிக்க ஆயுசு போதாது. வேகமாக எழுதும்போது பேனாவை அடிக்கடி தூக்க மாட்டோம் இல்லையா, அதனால் ஒரு கோட்டின் அடியிலிருந்தே அடுத்த கோடு கிளம்பும். எழுத்து ஒடுங்கும். கை போகிற திசையில் கொஞ்சம் சாயும். சாய்வு என்பது வேகத்தின் பக்கவிளைவு மட்டும்தான். பட்டை நிப்பைச் சரித்துப் பிடித்து எழுதியதால் மேலே ஏறும் கோடு மெலிந்தும் கீழே இறங்கும் கோடு தடித்தும் வந்தது. இன்றைக்கும் ஒரு நல்ல இட்டாலிக்கைப் பெரிதாக்கிப் பார்த்தால், பேனா எந்த இடத்தில் உள்ளே வந்தது, எந்த இடத்தில் வெளியே போனது என்று விரலால் பின்தொடரலாம்.

அந்தக் கையெழுத்தை ஈயத்தில் கொண்டுவந்தது வெனிஸ் நகரத்து அச்சகக்காரர் ஆல்டஸ் மனூஷியஸ். அவருக்காக அச்சு வெட்டிக் கொடுத்தவர் போலோன்யாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1500-இல் ஒரு நூலின் படத்துக்குள் மட்டும் சில சொற்கள் இந்த எழுத்தில் எட்டிப்பார்த்தன. 1501-இல் ரோமக் கவி வர்ஜிலின் பாடல்களை முழுக்க முழுக்க இதிலேயே அச்சடித்தார்கள். ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல அங்கங்கே தூவவில்லை, புத்தகமே இட்டாலிக்தான். கையடக்கப் புத்தகம் அது, மேசையில் விரித்துவைத்துப் படிக்கிற தலையணைப் புத்தகங்களுக்கு நடுவே எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒன்று. எழுத்து ஒடுக்கமாக இருந்ததால் நீளமான பாட்டு அடியும் மடங்காமல் ஒரே வரியில் நின்றது. காகிதத்தை மிச்சப்படுத்தத்தான் இட்டாலிக்கைக் கண்டுபிடித்தார்கள் என்று பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள், அதை நான் முழுசாக நம்புவதில்லை. காகிதம்தான் கவலை என்றால் இருந்த எழுத்தையே இன்னும் கொஞ்சம் சின்னதாக வெட்டி நெருக்கி அடித்திருக்கலாமே. படித்தவர்கள் கையால் எழுதுகிற மாதிரியே அச்சிலும் இருக்கட்டும் என்ற ஆசைதான் பெரிய காரணமாக எனக்குப் படுகிறது.

அந்த முதல் இட்டாலிக்கில் பெரிய எழுத்துகள் சாயவே இல்லை. வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்து விறைப்பாக நேரே நிற்கும், அதன் பின்னால் சின்ன எழுத்துகள் சாய்ந்துகொண்டு ஓடும். பெரிய எழுத்துகளையும் சாய்க்கிற பழக்கம் பிறகு வந்தது. சாய்வு இல்லாமலும் இட்டாலிக் இட்டாலிக்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பெயர் வந்த கதையும் சுவையானது. இத்தாலியிலிருந்து வந்ததால் மற்ற ஊர்க்காரர்கள் இட்டாலிக் என்றார்கள். இத்தாலிக்காரர்களோ அதைக் கோர்சிவோ, அதாவது ஓடுகிற எழுத்து, என்றுதான் சொல்கிறார்கள். ஈய அச்சு கோத்த பெரியவரும் அதையேதானே சொன்னார் என்று, இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. இன்னொரு விஷயம், வெட்டியவர் கிரிஃபோ, ஆனால் அந்த எழுத்தைப் பயன்படுத்தும் தனி உரிமையை வெனிஸ் அரசு கொடுத்தது ஆல்டஸுக்கு. வர்ஜில் நூலின் முகப்பில் கிரிஃபோவைப் பாராட்டி மூன்று வரி போட்டார் ஆல்டஸ், அவ்வளவுதான். கிரிஃபோ பிறகு பிரிந்து வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். எழுத்து வரைகிறவனுக்கு எந்தக் காலத்திலும் பாராட்டுதான், உரிமை இல்லை போலிருக்கிறது.

கொஞ்ச காலம் நேர் எழுத்தும் ஓடும் எழுத்தும் இரண்டு தனிக் குடும்பங்களாகவே இருந்தன. இந்தப் புத்தகம் அதில், அந்தப் புத்தகம் இதில் என்று. பிறகு பிரான்ஸ் பக்கத்து அச்சுக்காரர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே வரியில் கலக்க ஆரம்பித்தார்கள். ஆனால் ஜோடி சேர்ந்தது பல நேரம் வேறு வேறு ஆள்களின் வேலையாக இருந்தது. நாம் இன்றைக்குக் கேரமண்ட் என்று சொல்லும் எழுத்துருக்கள் பலவற்றில் நேர் எழுத்துக்கு மூலம் 1561-இல் இறந்த குளோட் கேரமண்ட், இட்டாலிக்குக்கு மூலமோ ராபர்ட் கிரான்ஜோன் என்ற இன்னொரு கைகாரர். 1989-இல் ராபர்ட் ஸ்லிம்பாக் வரைந்த அடோபி கேரமண்டும் அப்படித்தான், இலவசமாகக் கிடைக்கும் ஈபி கேரமண்டும் அப்படித்தான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் இறக்கிக்கொள்ளச் சொல்வது இந்த ஈபி கேரமண்டைத்தான். காசும் இல்லை, இட்டாலிக்கும் உண்மையான இட்டாலிக்.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்டான்லி மோரிசன் என்ற ஆங்கில அச்சுக்கலை நிபுணர் 1926-இல் ஒரு கட்டுரை எழுதி, இட்டாலிக் நேர் எழுத்தோடு ரொம்ப முட்டிக்கொள்கிறது, பேசாமல் நேர் எழுத்தையே சாய்த்து வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். கண்ட்ரோல் ஐ காலத்துக்கு முன்பே கண்ட்ரோல் ஐ! ஆனால் 1932-இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக அவருடைய மேற்பார்வையில் டைம்ஸ் நியூ ரோமன் வந்தபோது அதற்கு அமைந்தது வழக்கமான ஓடும் இட்டாலிக்தான். காரணம் கண்ணுக்கே தெரியும். ஒரு வரிக்கு நடுவில் ஒரு சொல் தனித்துத் தெரிய வேண்டும், அதே சமயம் தடித்த எழுத்து மாதிரி கத்தவும் கூடாது. கொஞ்சம் ஒடுங்கி, கொஞ்சம் மெலிந்து, வேறு வடிவத்தில் வரும் எழுத்து அதைச் செய்யும். வெறும் சாய்வு அரைகுறையாகத்தான் செய்யும்.

எங்கே பயன்படுத்துவது என்பதற்கு வருவோம். ஆங்கிலத்தில் புத்தகம், படம், கப்பல் இவற்றின் பெயர்கள், நீதிமன்ற வழக்குகளின் பெயர்கள் எல்லாம் இட்டாலிக்கில் போகும். உயிரினங்களின் அறிவியல் பெயரும் அப்படியே. நம் நாட்டு மலர் செம்பருத்தி, மலாயில் புங்கா ராயா, அதன் அறிவியல் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். ஆங்கிலத்தில் அடிக்கும்போது முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரியது, மற்றதெல்லாம் சின்னது, மொத்தமும் இட்டாலிக். பிள்ளைகள் பரீட்சைத் தாளில் கையால் எழுதும்போது இட்டாலிக்குக்குப் பதில் அடிக்கோடு போடுகிறார்களே, அதுவும் அச்சகப் பழக்கம்தான், கையெழுத்துப் பிரதியில் அடிக்கோடு இருந்தால் இதை இட்டாலிக்கில் கோக்கவும் என்று பொருள். இயற்பியல் புத்தகத்தில் சாய்ந்த எம் என்றால் நிறை, நேராக நிற்கும் எம் என்றால் மீட்டர். சாய்வை மாற்றினால் பொருளே மாறிவிடும் இடம் இது, அலங்காரம் என்று நினைத்து விளையாடக் கூடாது.

அயல்மொழிச் சொல்லுக்கும் இட்டாலிக் போடுவார்கள். இங்கேதான் மலேசியாவில் வேடிக்கை. மலாய் நூலுக்குள் ஆங்கிலச் சொல் வந்தால் சாய்ப்பது வழக்கம். ஆனால் ஆங்கிலத்தில் மெனு கார்டு அடிக்கும்போது நாசி லெமாக்கைச் சாய்ப்பதா? லண்டன்காரனுக்கு அது அயல்சொல். காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிற நமக்கு? என் கட்சி, உள்ளூர்க்காரர்கள் படிப்பதில் நேராகவே விடு என்பதுதான். ஒரு கடைக்கு அடித்த மெனுவில் தோசை, தே தாரிக், ரொட்டி சானாய் என்று எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் பார்த்தால், நேராக நின்றது விலை மட்டும்தான்.

கல்யாணக் கார்டில் இட்டாலிக்குக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இரண்டு பெயர்களுக்கு நடுவில் போடுகிற அண்ட் (&) குறியைக் கவனித்திருக்கிறீர்களா? லத்தீனில் எட் என்றால் 'உம்' என்று பொருள், இ-யும் டி-யும் சேர்ந்து பின்னிக்கொண்டதுதான் அந்தக் குறி. நேர் எழுத்தில் அது எட்டு மாதிரி ஒரு முடிச்சாகச் சுருங்கி, இரண்டு எழுத்தும் அடையாளம் தெரியாமல் போய்விட்டன. கேரமண்ட், கேஸ்லான் போன்ற எழுத்துருக்களின் இட்டாலிக்கில் இ தனியாக வளைவதும் டி-யின் குறுக்குக்கோடு அதைத் தாங்கிப் பிடிப்பதும் இன்னும் தெளிவாகத் தெரியும். பெயர்களை நேர் எழுத்தில் போட்டு நடுவில் இந்தக் குறியை மட்டும் இட்டாலிக்கில் பெரிதாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது, வேறு பூவேலை எதுவும் தேவைப்படாது.

செய்யக் கூடாததும் உண்டு. முழுக்கப் பெரிய எழுத்துகளாக இட்டாலிக்கில் அடிப்பது அதன் ஓட்டத்தையே கொல்வது, ஓடுவதெல்லாம் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவதும் அப்படியே, கைகோத்து நடப்பவர்களை இழுத்துப் பிரித்த மாதிரி ஆகும். நாலைந்து வரிக்கு மேல் போனால் கண் சோர்ந்துவிடும். தைப்பூசப் பந்தல் பேனரில் மெல்லிய இட்டாலிக்கைப் போட்டுவிட்டுத் தூரத்திலிருந்து தெரியவில்லை என்று புலம்பிப் பயனில்லை. இட்டாலிக்கில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் நேரான அடைப்புக்குறி வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், எஃப் மாதிரி எழுத்தின் தலை போய் அடைப்புக்குறியில் முட்டும். நடுவில் மயிரிழை இடம் விட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கும் தப்பு, பொய் இட்டாலிக். ஒரு ஃபாண்ட் குடும்பத்தில் நேர், தடிப்பு, இட்டாலிக், தடித்த இட்டாலிக் என்று குறைந்தது நான்கு கோப்புகள் இருக்க வேண்டும். நேர் எழுத்துக் கோப்பை மட்டும் போட்டுவைத்துக்கொண்டு கண்ட்ரோல் ஐ அழுத்தினால், பல மென்பொருள்கள் சத்தமில்லாமல் நேர் எழுத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டிவிடும். கண்டுபிடிக்க சின்ன ஏ-யைப் பாருங்கள். செரிஃப் வைத்த பழைய பாணி எழுத்துருவில், சாய்ந்த பிறகும் ஏ-யின் கூரை அப்படியே இருந்தால் பொய்.

சரி, தமிழுக்கு வருவோம். கிரிஃபோவின் இட்டாலிக் அச்சேறி 77 வருஷம் கழித்து, 1578-இல் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சானது. அப்போதிலிருந்து நம் அச்சில் வேகமான கையெழுத்து ஒரு தனி எழுத்துக் குடும்பமாக வளர்ந்து, நேர் எழுத்தோடு ஜோடி சேரவில்லை. நாம் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட மேற்கோள் குறி போட்டோம், தடித்த எழுத்து போட்டோம், அளவைக் கூட்டினோம், அதிலேயே காரியம் நடந்தது. மலேசியாக்காரரான முத்து நெடுமாறன் வடிவமைத்து ஆப்பிள் கருவிகளோடு வருகிற தமிழ் சங்கம் எம்.என். எழுத்துருவில் நேரும் தடிப்பும் உண்டு, இட்டாலிக் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவில் சாய்ந்த வடிவம் ஒன்று வந்தபோது அதற்கு வைத்த பெயர் ஸ்லாண்டட், சாய்ந்தது என்றுதான். நேர்மையான பெயர்.

தமிழைக் கணினி தானாகத் தள்ளிச் சாய்க்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு அந்தக் கார்டில் இருந்த 'வரவேற்பு' என்ற சொல்லே போதும். சாய்க்கும்போது உயரத்தில் இருப்பதுதான் அதிகம் நகரும். தமிழில் உயரத்தில் இருப்பது புள்ளி. ற்-இன் புள்ளி வலப்பக்கம் நழுவிப் பு-வின் தலைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது, யாருடைய புள்ளி என்று ஒரு கணம் கண் தடுமாறுகிறது. பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டிய ப இடிந்து சரிந்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. வே-யின் இரட்டைக்கொம்பு இரண்டு சுழியும் நசுங்கிப் போனது. பேனா இப்படி எழுதவே எழுதாது. உங்களில் யாராவது வேகமாக வரவேற்பு என்று எழுதிப் பாருங்கள், புள்ளி வேண்டுமானால் தள்ளி விழும், ப-வின் மூலைகள் உருண்டுபோகும், ஆனால் சுழி நசுங்காது. பெரியவர் சொன்ன 'விழுது' அதுதான்.

தமிழ்ப் பக்கத்தை நிமிர்த்தினேன். ஆங்கிலப் பக்கத்து இட்டாலிக்கின் மெல்லிய தோற்றத்தோடு ஒத்துப்போக, தமிழில் தடிப்புக் குறைந்த எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்து அளவை அரை பாயிண்ட் கூட்டி, வரிக்கு வரி இடைவெளி விட்டேன். அண்ட் குறியை ஈபி கேரமண்டுக்கு மாற்றினேன். மறுபடியும் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஆங், இப்ப நிக்குது" என்றார். அப்புறம் மண்டப முகவரியில், தெருவைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுல ஜாலானுக்கு ஒரு கால் காணோமே தம்பி" என்றார்.